பழைய டிராக்டர்ல டீசல் ஒழுகுதா? லைனை நாமளே சரி பண்றது எப்படி

பழைய டிராக்டர் வச்சிருக்கறவங்கள்ல பாதிப் பேரு டீசல் ஒழுகறதை ஒரு ரிப்பேராவே எடுத்துக்கறதில்ல. வண்டி ஸ்டார்ட் ஆகுது, உழவு ஓடுது, அப்புறம் என்னன்னு கீழ ஒரு பழைய பெயின்ட் டப்பாவை வச்சுட்டுப் போயிடறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, செகண்டுக்கு ஒரு சொட்டு, மில்லிக்கு சுமாரா 20 சொட்டுன்னு வச்சுக்கிட்டா மணிக்கு 180 மில்லி, ஒரு நாள் பூரா அப்படியே விட்டா 4 லிட்டருக்கு மேல போயிருக்கும். காசு போறது ஒரு பக்கம், சொட்டுற டீசல் ஃபேன் பெல்ட்லயும் ரேடியேட்டர் ஹோஸ்லயும் பட்டு ரப்பர் ஊறிப்போறது இன்னொரு பக்கம். இதையெல்லாம் விட பெருசு என்னன்னா டீசல் வெளிய வர்ற ஓட்டை வழியாத்தான் காத்தும் உள்ள போகும், நடு வயல்ல வண்டி அப்படியே அணைஞ்சு நிக்கறதுக்கு முக்காவாசி காரணம் அதுதான்.

புதுசா வண்டி வாங்கினவங்க, அதாவது பழைய வண்டியை புதுசா வாங்கினவங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நான் சொல்றது எல்லாம் மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டரை மனசுல வச்சு, நம்ம பக்கம் தடுக்கி விழுந்தா அந்த வண்டிதான் இருக்கு, மூணு சிலிண்டர் சிம்சன் எஞ்சின். மத்த வண்டில பைப் போற ரூட்டும் ஸ்பேனர் சைஸும் கொஞ்சம் மாறுமே தவிர வேலை ஒண்ணுதான்.

டீசல் எந்த வழியா போகுதுன்னு மொதல்ல மனசுல ஓட்டிப் பாருங்க

டேங்க் பானட்டுக்குள்ள எஞ்சினுக்கு மேலயே உக்காந்திருக்கு. அதுக்கு அடியில டீசல் டேப். டேப்புல இருந்து ஒரு பைப் ஃபீட் பம்ப்புக்கு வரும், அந்த ஃபீட் பம்ப்பை நிறைய மெக்கானிக்குங்க ஏசி பம்ப்புன்னு சொல்லுவாங்க, குழம்ப வேண்டாம், குளிர்ற ஏசி இல்ல. அங்க இருந்து ரெண்டு ஃபில்டர், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. அப்புறம் பெரிய பம்ப், அதாவது இன்ஜெக்ஷன் பம்ப். அதுல இருந்து மூணு கெட்டியான இரும்பு பைப் மூணு நாசிலுக்கும், அதாவது சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சற முனைக்கு, போகும். நாசில்ல மிச்சமாகி கசியற டீசல் மெல்லிசா ஒரு ரிட்டர்ன் லைன் வழியா திரும்பிப் போயிடும்.

இதுல நாலு பகுதி இருக்கு, நாலுக்கும் குணம் வேற. டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் பிரஷர்னு ஒண்ணும் கிடையாது, மேல இருந்து எறங்கற வேகம் மட்டும்தான். ஃபீட் பம்ப்புல இருந்து பெரிய பம்ப் வரைக்கும் லேசான பிரஷர், பின் டயர்ல வைக்கிற காத்தை விடக் கம்மி. பெரிய பம்ப்புல இருந்து நாசில் வரைக்கும் இருக்கறது வேற உலகம், நாசில் திறக்கறதுக்கே 170, 200 பார் வேணும், பின் டயர் காத்தோட ஒப்பிட்டா நூறு, இருநூறு மடங்கு. ரிட்டர்ன் லைன்ல மறுபடியும் பிரஷரே இல்ல. ஒழுகல் இந்த நாலுல எதுலன்னு தெரியாம ஸ்பேனரைத் தூக்கறதுல பிரயோஜனமே இல்ல.

உயிருக்கு ஆபத்தான ஒரே விஷயம், இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க

எஞ்சின் ஓடறப்ப அந்த மூணு கெட்டி பைப்புல ஒழுகல் இருக்கான்னு விரலை வச்சுத் தடவிப் பாக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி டீசல் பீச்சும், தோலைத் துளைச்சு உள்ள போயிடும். அப்ப முள்ளு குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலி கூட பெருசா இருக்காது, சில மணி நேரம் கழிச்சுத்தான் வீங்கும், அதுக்குள்ள உள்ள சதை கெட ஆரம்பிச்சிருக்கும், விரலை எடுக்கற அளவுக்குக் கூட போகும். அப்படி நடந்துட்டா வீட்ல மஞ்சப்பத்து போட்டுக்கிட்டு உக்காராம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "டீசல் பிரஷர்ல உள்ள ஏறிடுச்சு"ன்னு சொல்லிக் காட்டணும், வெறும் காயம்னு சொன்னா அவங்களும் கட்டுப் போட்டு அனுப்பிடுவாங்க. சந்தேகம் இருந்தா ஒரு அட்டைத் துண்டை பைப் பக்கத்துல நீட்டிப் பாருங்க, பீச்சுச்சுன்னா அட்டை நனையும்.

இன்னொண்ணு தீ. டீசல் பத்தாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, பெட்ரோல் மாதிரி சட்டுனு பத்தாது அவ்வளவுதான். நம்ம நாட்டு டீசலுக்கு ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பொறி பட்டா ஆவி பத்தற சூடு, குறைஞ்சது 35 டிகிரி இருந்தா போதும்னுதான் விதி, சித்திரை வெயில்ல பானட்டுக்குள்ள இருக்கற சூடு அதை எப்பவோ தாண்டியிருக்கும். சைலன்சர் மேல சொட்டுச்சுன்னா வேலையை எடுத்தவுடனே அதைத்தான் பாக்கணும். எஞ்சினை நல்லா ஆற விட்டு, பேட்டரி எர்த் வயரைக் கழட்டி வச்சுட்டு ஆரம்பிங்க, செல்ஃப் மோட்டார் பக்கத்துல ஸ்பேனர் பட்டு பொறி பறக்கறது ரொம்ப சாதாரணமா நடக்கும். பீடி சிகரெட் பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல, ஆனா கூட நின்னு வேடிக்கை பாக்கற பெரியப்பா கையில என்ன இருக்குன்னும் பாத்துக்குங்க.

எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலை

ஈரம் தெரியற எடம் ஒழுகற எடம் கிடையாது. மேல ஃபில்டர்ல கசியற டீசல் பைப் வழியா எறங்கி பம்ப்புக்கு அடியில வந்து சொட்டும், நம்ம ஆளு பம்ப் போச்சுன்னு பம்ப்பைக் கழட்டிட்டு டவுனுக்கு ஓடுவாரு. அதனால மொதல்ல எல்லாத்தையும் கழுவுங்க. பழைய பெயின்ட் பிரஷ், ஒரு மக்குல கொஞ்சம் டீசல் இல்ல மண்ணெண்ணெய், வருஷக்கணக்கா ஒட்டியிருக்கற எண்ணெய்ச் சேறு பூரா போகற வரைக்கும் தேய்ச்சு, காத்து அடிச்சு, துணியால தொடைச்சு நல்லா காய விடுங்க. இதைச் செய்யாம ஒரு நட்டைக்கூட லூஸ் பண்ணாதீங்க, ஏன்னா நட்டு மேல இருக்கற மண்ணு அப்படியே லைனுக்குள்ள விழும், நாசில் ஓட்டை ஊசி முனை அளவுதான் இருக்கும், ஒரு மணல் போதும்.

காஞ்சதும் சந்தேகப்படற ஒவ்வொரு ஜாயின்ட்லயும் நியூஸ் பேப்பரைக் கிழிச்சு நாடா மாதிரி ஒரு சுத்து சுத்தி விடுங்க, இல்லன்னா சாக்பீஸை அது மேல தேய்ச்சு வெள்ளையாக்கி விடுங்க. டேப்பைத் திறந்து எஞ்சின் ஓடாமலே ஒரு மணி நேரம் நிறுத்துங்க. பேப்பர்ல எங்க மொதல்ல கறை விழுதோ அதுதான் எடம். டார்ச் அடிச்சு உத்துப் பாத்தா பேன்ஜோ (பைப் முனையில இருக்கற வளையம்), அதை இறுக்கிப் புடிக்கிற பேன்ஜோ போல்ட் தலைக்கு அடியில வாஷர் ஓரத்துல ஒரு மெல்லிசான பளபளப்பு வளையம் தெரியும், அது மெதுவா ஒரு பக்கமாத் திரண்டு, கீழ்ப்பக்கம் குண்டாகி, அப்புறம்தான் சொட்டாகும், அந்தச் சொட்டு விழற எடத்தை விட்டுட்டு அந்த வளையம் உண்டாகற எடத்தைத்தான் குறிச்சுக்கணும்.

நிறுத்தி வச்சும் நனையுதுன்னா டேங்க்ல இருந்து எறங்கற லைன்லதான் கோளாறு. நிறுத்தினா காஞ்சிருக்கு, ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டா மட்டும் நனையுதுன்னா ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் இருக்கற லைன், இல்ல கெட்டி பைப். ஆக்சிலேட்டர் குடுக்கறப்ப மட்டும் புகை மாதிரி மூடுபனி தெரிஞ்சா கெட்டி பைப்பேதான், கையை எடுங்க.

வெளிய ஒரு சொட்டு கூட இல்ல, ஆனா வண்டி அணையுதுன்னா

இது குழப்பற கேஸ். டேங்க் நெறய இருக்கறப்ப நல்லா ஓடும், பாதிக்குக் கீழ எறங்கினதும் மிஸ் அடிக்கும், மேட்டுல ஏறினா அணையும். டேங்க் நெறஞ்சிருக்கறப்ப டீசலோட எடையே லைனை நெறச்சு வைக்குது, கொறஞ்சதும் ஃபீட் பம்ப் இழுக்கிற இழுவைல லூஸா இருக்கற ஜாயின்ட் வழியா காத்து நுழையுது. அங்க டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும், அதனால கண்ணுல ஈரம் படாது. டேப்புல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கற ரப்பர் ஹோஸ், கிளிப், ஃபீட் பம்ப் மேல இருக்கற கண்ணாடிக் கிண்ணத்தோட கார்க் இதெல்லாம் பாருங்க. அதுக்கும் முன்னாடி டேங்க் மூடில இருக்கற சின்ன காத்து ஓட்டை அடைஞ்சிருக்கான்னு பாருங்க, மூடியைத் திறக்கறப்ப புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்கற சத்தம் வந்து அதுக்கப்புறம் வண்டி நல்லா ஓடுச்சுன்னா லைன்ல ஒண்ணுமே இல்ல, ஊசியை விட்டு மூடி ஓட்டையைக் குத்தி விட்டா வேலை முடிஞ்சது.

இன்னொரு ஒளிஞ்ச ஒழுகல் எஞ்சின் ஆயிலுக்குள்ள. டிப்ஸ்டிக் எடுத்துப் பாக்கறப்ப ஆயில் அளவு கூடியிருந்தா சந்தோஷப்படாதீங்க, ஆயில் குட்டி போடாது. விரல்ல தொட்டு மோந்து பாருங்க, டீசல் வாடை அடிச்சு தண்ணியா இருந்தா ஃபீட் பம்ப் டயஃப்ரம் (உள்ள இருக்கற சவ்வு) கிழிஞ்சிருக்கும், இல்லன்னா பெரிய பம்ப்போட ஷாஃப்ட் சீல் போயிருக்கும். அப்படியே ஓட்டினா பேரிங் எல்லாம் காலி. டயஃப்ரம் கிட் தனியா கெடைக்கும், இல்லன்னா ஃபீட் பம்ப்பே புதுசா மாத்திடலாம், ரெண்டு போல்ட்தான். மாத்தினதும் எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் கண்டிப்பா மாத்தணும்.

என்னென்ன கையில வேணும்

பழைய மாசில எஞ்சின் பக்கம் இஞ்ச் சைஸ் நட்டு நிறைய வரும், பம்ப்பும் ஃபில்டரும் எம்எம் சைஸா இருக்கும், அதனால ரெண்டு செட்டும் வச்சுக்குங்க. கெட்டி பைப் நட்டுக்கு 17 இல்ல 19 எம்எம் ஸ்பேனர், முடிஞ்சா ஒரு பக்கம் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் வாங்கிக்குங்க, பைப் மேல நுழைச்சு போடலாம், நட்டோட மூலை மழுங்காது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடாதீங்க. அப்புறம் செம்பு வாஷர் எல்லா சைஸும் கலந்த ஒரு பாக்கெட், டீசல் ஹோஸ், கிளிப், கழட்டின ஓட்டையை மூட சுத்தமான பிளாஸ்டிக் மூடி இல்ல பாலிதீன் கவரும் ரப்பர் பேண்டும், ஒரு அகல டிரே. பனியன் வேஸ்ட் வெளிய தொடைக்க மட்டும், அதோட நூலு லைனுக்குள்ள போனா அதுவே ஒரு அடைப்பு, உள்பக்கம் தொடைக்க நூல் பிரியாத பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது.

பேன்ஜோ போல்ட், பத்துல ஏழு ஒழுகல் இங்கதான்

ஒழுகினா எல்லாரும் செய்யற மொத வேலை ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு. நிக்கலன்னா இன்னொரு இழுப்பு. பேன்ஜோ போல்ட் நடுவுல ஓட்டை, பக்கவாட்டுலயும் குறுக்க ஓட்டை, பாக்கத்தான் போல்ட்டு, உள்ள பாதிதான் இரும்பு. மூணாவது இழுப்புல தலை கையோட வரும், மிச்சம் பம்ப்புக்குள்ள நிக்கும், அதை எடுக்க லேத் பட்டறைக்குப் போகணும். செம்பு வாஷர் ஒருதடவை நசுங்கி உக்காந்தா அந்த எடத்துலயே கெட்டியாகிடும், மறுபடி இறுக்கினா நசுங்க அதுக்கு மென்மை கிடையாது, அதனால இறுக்கறது ரிப்பேரே இல்ல, வாஷர் மாத்தறதுதான் ரிப்பேர்.

டேப்பை மூடுங்க. மூடியும் டேப்பே பாஸ் பண்ணுதுன்னா டேங்க்கைக் காலி பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கணும். டிரேயை அடியில வச்சு போல்ட்டைக் கழட்டுங்க, ரெண்டு வாஷர் இருக்கும், பேன்ஜோவுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு. கீழ இருக்கறது பம்ப்புலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அதைக் கவனிக்காம புதுசு ரெண்டைப் போட்டு மூணாக்கிடாதீங்க. பழைய வாஷரை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, நல்லா உக்காந்த வாஷர்ல ரெண்டு பக்கமும் முழு வட்டமா ஒரு பள்ளம் விழுந்திருக்கும், ஒழுகின வாஷர்ல அந்த வட்டம் ஒரு எடத்துல அறுந்திருக்கும் இல்ல குறுக்க ஒரு கீறல் ஓடும், கீறலுக்கு நேரா பேன்ஜோ முகத்துலயும் ஏதாவது இருக்கான்னு நகத்தால தடவுங்க. இருந்தா தட்டையான கண்ணாடி மேல நைஸ் எமரி பேப்பரைப் போட்டு ரெண்டு சொட்டு டீசல் விட்டு, பேன்ஜோவை எட்டு வடிவத்துல மெதுவா தேய்ச்சு சமமாக்குங்க, தேய்ச்சதும் நல்லா கழுவுங்க, எமரித் தூள் நாசிலுக்கு எமன்.

புது வாஷர் கையில இல்ல, ஞாயித்துக்கிழமை, கடை அடைச்சிருக்குன்னா பழைய செம்பு வாஷரையே இன்னொருதடவை ஓட்டலாம். கேஸ் அடுப்புல இடுக்கில புடிச்சு மங்கின சிவப்பு வர்ற வரைக்கும் காய்ச்சி தண்ணில போடுங்க. இரும்பைத்தான் அப்படிப் போட்டா கெட்டியாகும், செம்பு மென்மையாகிடும், பழைய மெக்கானிக்குங்க பூரா இதைச் செஞ்சவங்கதான். மேல படிஞ்ச கருப்பை எமரில தேய்ச்சு எடுத்துட்டுப் போடுங்க. ரொம்ப மெலிஞ்சு போனது, விளிம்பு வெடிச்சது வேண்டாம். சில எடத்துல ஓரம் இரும்பும் உள்வட்டம் ரப்பருமா டௌட்டி வாஷர் வரும், அதைக் காய்ச்சாதீங்க, புதுசுதான்.

மாட்டறப்ப கையால கடைசி வரைக்கும் திருகி, பைப்பை அது இயல்பா நிக்கிற கோணத்துல விட்டு, அப்புறம் சின்ன ஸ்பேனரால இறுக்குங்க. டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, பிளம்பர் வேலை வேற, இங்க அந்த நூலு பிஞ்சு நேரா பம்ப்புக்குத்தான் போகும். ஷெல்லாக் பசையும் வேண்டாம். வாஷரும் முகமும் சுத்தமா இருந்தா எதுவும் பூசாமலே நிக்கும்.

ரப்பர் ஹோஸும் மெல்லிசு பைப்பும்

ஹோஸை வளைச்சுப் பாருங்க, வளைக்கற எடத்துல பொடி வெடிப்பு தெரிஞ்சா, இல்ல கையில கருப்பு ஒட்டுச்சுன்னா மாத்திடுங்க. இந்தியா முழுக்க 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்-6 டீசல், சல்ஃபர் 10 பிபிஎம் தான். இப்படி சுத்திகரிச்ச டீசல்ல பழைய காலத்து ரப்பர் சீல் சில சமயம் சுருங்கும், இத்தனை வருஷம் ஒழுகாத வண்டி திடீர்னு நாலு எடத்துல கசிய ஆரம்பிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். வாங்கறப்ப டீசல் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, மோட்டார் செட்டுக்கு வாங்கின தண்ணி டியூப்ல ஒரு துண்டை வெட்டிப் போட்டா கொஞ்ச நாள்ல ஒண்ணு உப்பும் இல்ல கல்லு மாதிரி ஆகும். பழைய ஹோஸ்ல ஒரு துண்டைக் கையோட எடுத்துட்டுப் போய் உள்வட்டம் பாத்து வாங்குங்க. பிளேடால நேரா ஒரே வெட்டா வெட்டுங்க, ஹேக்ஸா போட்டா துருவல் உள்ள நிக்கும். கட்டுக்கம்பி சுத்தி முறுக்கறது நம்ம ஊர் வழக்கம், அது ஹோஸை அறுத்துத்தான் புடிக்கும், கிளிப்பே போடுங்க. சைலன்சர்ல இருந்து தள்ளி, எங்கயும் உரசாம ரூட் பண்ணுங்க.

டேங்க்ல இருந்து வர்ற மெல்லிசு இரும்பு பைப் உரசி ஓட்டை விழுந்திருந்தா ரெண்டு வழி. பைப்பே மாத்தறது நல்லது. அவசரத்துக்கு ஓட்டை விழுந்த துண்டை பைப் கட்டரால வெட்டி எடுத்துட்டு நடுவுல டீசல் ஹோஸ் போட்டு ரெண்டு பக்கமும் கிளிப் அடிச்சா பிரஷர் இல்லாத லைனுக்கு அது தாங்கும். நட்டுக்குள்ள ஆலிவ்னு ஒரு பித்தளை வளையம் உக்காரும், பழைய ஆலிவ் பைப்பைக் கவ்வி இறுகிப்போயிருக்கும், அது ஒழுகுச்சுன்னா இறுக்க இறுக்க பைப்பைத்தான் நசுக்கும், கழட்டி முனையை வெட்டிட்டு புது ஆலிவ் போடுங்க. செம்பு பைப் போடலாமான்னு கேப்பாங்க, வளைக்க சுலபம்தான், ஆனா செம்பு டீசலை சீக்கிரம் கெடுத்துப் பிசின் உண்டாக்கும், வண்டி அதிர்வுல வெடிக்கவும் செய்யும், இரும்பு பைப்பே இருக்கட்டும்.

டேங்க் ஓட்டையாச்சுன்னா? பார் சோப்பைத் தேய்ச்சு அடைச்சா அன்னிக்கு வீடு வந்து சேரலாம், டீசல்ல சோப்பு கரையாது. வீட்டுக்கு வந்ததும் காய வச்சு எம்-சீல் போட்டா கொஞ்ச காலம் ஓடும். வெல்டிங் பட்டறைக்கு டேங்க்கை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க, காலி டேங்க்குக்குள்ள நிக்கற ஆவிதான் வெடிக்கும், தெரிஞ்ச ஆளுங்க டேங்க்கைக் கொதிநீர் விட்டு நல்லா கழுவி தண்ணி நெறச்சுக்கிட்டுத்தான் கை வைப்பாங்க.

ஃபில்டர் ஓ-ரிங்

சுருக்கமா சொல்றேன். ஃபில்டர் மாத்தினதுல இருந்து ஒழுகுதுன்னா பழைய ஓ-ரிங் ஃபில்டர் தலைப்பகுதியோட பள்ளத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அது மேல புதுசு உக்காந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால நோண்டி எடுங்க, பள்ளத்தைத் தொடைங்க, புது ஓ-ரிங்ல டீசல் தடவி வைங்க, நடு போல்ட்டை முரட்டுத்தனமா இறுக்காதீங்க, அந்தத் தலை அலுமினியம், மரை போயிடும்.

கெட்டி பைப்

நட்டுக்கு அடியில கசிஞ்சா மொதல்ல பாக்க வேண்டியது கிளாம்ப். மூணு பைப்பையும் சேத்துப் புடிக்கிற ஒரு கிளாம்ப் இருக்கும், பழைய வண்டில எவனோ ஒருத்தன் கழட்டிட்டு மறுபடி போட்டிருக்க மாட்டான். கிளாம்ப் இல்லன்னா பைப் ஆடும், ஆடி ஆடி நட்டுக்கிட்ட முடி கனத்துல வெடிப்பு விழும். வெடிப்புன்னா புது பைப்தான், பித்தளை வச்சு ஊதறது, வெல்டிங், எம்-சீல் எதுவும் அந்தப் பிரஷருக்கு நிக்காது, நிக்கிற மாதிரி ஏமாத்தி ஓடறப்ப பிச்சுக்கிட்டு அடிக்கும். வாங்கறப்ப அதே வண்டிக்கு, அதே சிலிண்டருக்கு உண்டானதை வாங்குங்க, உள்வட்டமும் நீளமும் மாறினா டீசல் போய்ச் சேர்ற நேரமே மாறும்.

கழட்டறப்ப ரெண்டு ஸ்பேனர் போடணும். பம்ப் பக்கம் பைப் நட்டுக்குக் கீழ இன்னொரு அறுகோண நட்டு மாதிரி இருக்கும், அது டெலிவரி வால்வைப் புடிச்சிருக்கறது, அதை ஒரு ஸ்பேனரால அசையாம புடிச்சுக்கிட்டு மேல் நட்டை மட்டும் லூஸ் பண்ணுங்க. ரெண்டு முனையும் முழுசா லூஸ் பண்ணிட்டுத்தான் பைப்பை எடுக்கணும், ஒரு பக்கத்தை விட்டுட்டு வளைச்சு இழுக்காதீங்க. எடுத்தவுடனே பம்ப்பையும் நாசிலையும் மூடுங்க. பைப் முனையில ஒரு கூம்பு இருக்கும், அதுல முழு வட்டமா பளபளன்னு ஒரு கோடு தெரியணும். கோடு ஒரு பக்கம் மட்டும் அழுத்தமா இருந்தா பைப் கோணலா இறுக்கியிருக்காங்க. திரும்ப மாட்டறப்ப ரெண்டு நட்டையும் கையாலயே ஏத்துங்க, கையால ஏறலன்னா பைப் நேரா உக்காரலன்னு அர்த்தம், ஸ்பேனரால இழுத்து நேராக்கப் பாக்காதீங்க. கடைசியா கிளாம்ப்.

ரிட்டர்ன் லைன்ல பெருசா ஒண்ணும் இல்ல, நாசில் தலைல சின்ன செம்பு வாஷர், சின்ன ஹோஸ், ரெண்டையும் மாத்திடுங்க. ஆனா ரிட்டர்ன்ல சொட்டா வராம ஓடற மாதிரி டீசல் வந்துச்சுன்னா நாசில் தேஞ்சிருச்சு, செக் பண்ணக் குடுங்க.

ஏர் எடுக்கறது

லைனைத் திறந்தா ஏர் புடிக்கும், அதை எடுக்காம செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருந்தா பேட்டரிதான் எறங்கும். ரோட்டரி பம்ப் (பெரிய பம்ப்புல ஒரு வகை) இருக்கற வண்டில இன்னும் மோசம், அந்தப் பம்ப்புக்கு டீசலேதான் ஆயில் மாதிரி வழவழப்பு, காஞ்சு சுத்தினா தேயும்.

டேங்க்ல பாதிக்கு மேல டீசல் இருக்கட்டும், டேப்பைத் திறங்க. மொத ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து லூஸ் பண்ணிட்டு ஃபீட் பம்ப் லிவரை அடிங்க. லிவர் கெட்டியா இல்லாம தொளதொளன்னு இருந்தா கேம் (எஞ்சினுக்குள்ள ஃபீட் பம்ப்பைத் தள்ளற மேடு) அதைத் தூக்கிப் புடிச்சிருக்கு, எஞ்சினைக் கொஞ்சம் சுத்தி விட்டுட்டு மறுபடி அடிங்க, நிறைய பேரு இந்த எடத்துலதான் ஃபீட் பம்ப் போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. நுரையா வரும், அப்புறம் விட்டு விட்டு குமிழி வரும், அப்புறம் குமிழியே இல்லாம சுத்த டீசல் வரும், அது வர்றப்பவே, லிவர் அடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவை மூடுங்க. அடுத்து ரெண்டாவது ஃபில்டர், அடுத்து பம்ப்புல இருக்கற ஏர் ஸ்க்ரூ, ரோட்டரி பம்ப்னா அதுல ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், கீழ ஒண்ணு மேல ஒண்ணு. வரிசையை மாத்தாதீங்க, டேங்க் பக்கத்துல இருந்து எஞ்சின் பக்கம்.

அப்புறம் பேட்டரி வயரை மாட்டி, கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாத்து, ஸ்டாப் நாப் முழுசா உள்ள தள்ளியிருக்கணும், ஆக்சிலேட்டர் முழுசும் திறந்து, நாசில் பக்கம் மூணு நட்டையும் ஒரு சுத்து லூஸ் பண்ணிட்டு இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீங்க முகத்தைத் தள்ளி வச்சுக்குங்க. ஒரு தடவைக்கு 10, 15 செகண்டுக்கு மேல அடிக்காம மோட்டாரை ஆற விட்டு அடிங்க. நட்டுகிட்ட டீசல் துடிச்சுத் துடிச்சு வந்ததும் நிறுத்திட்டு மூணையும் இறுக்குங்க, இப்ப ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைச்சு ஸ்டார்ட் பண்ணா கொஞ்சம் திக்கித் திணறி புடிச்சுக்கும்.

ஓட விட்டு, ஐட்லிங்ல ஒருதடவை, ஆக்சிலேட்டர் குடுத்து ஒருதடவை, அட்டையை வச்சு எல்லா ஜாயின்ட்டையும் பாருங்க. கொட்டின டீசல் மேல உமியோ மரத்தூளோ போட்டு அள்ளிடுங்க, வாய்க்காலுக்குக் கழுவி விடாதீங்க. அப்புறம் ஜாயின்ட்ல புதுசா பேப்பர் நாடா சுத்தி விட்டு ராத்திரி நிறுத்தி, காலைல பாருங்க. சூட்டுல நின்னது குளிர்ந்ததும் கசியறது உண்டு, அதனால அன்னிக்கே வேலை முடிஞ்சதுன்னு பானட்டை மூடிடாதீங்க, ரொட்டவேட்டர் மாட்டி ஒரு மணி நேரம் லோடுல ஓட்டினப்புறம் இன்னொருதடவை நாடாவைப் பாத்துட்டு மூடுங்க.

எதைத் தொடக்கூடாது

பெரிய பம்ப்போட உடம்புல கசிவு, ரோட்டரி பம்ப் தலைல கசிவு, டெலிவரி வால்வு ஹோல்டருக்கு அடியில கசிவு, இது எதையும் வீட்டு வாசல்ல பிரிக்க வேண்டாம். அதுக்கு பம்ப் சர்வீஸ் பண்ற கடையில டெஸ்ட் பெஞ்ச் இருக்கு, பிரிச்சு சேத்ததும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமா டீசல் போகுதான்னு அளந்து செட் பண்ணணும். கழட்டிக் கொண்டு போறதா இருந்தா பம்ப் ஃபிளேஞ்சுலயும் எஞ்சின்லயும் சேந்தாப்ல ஒரு கோடு இருக்கும், இல்லன்னா உளியால நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க, திரும்ப மாட்டறப்ப அந்தக் கோடு ஒண்ணா சேரலன்னா டைமிங் மாறி கரும்புகை கக்கும். கடைக்குப் போகறப்ப "ஒழுகுது"ன்னு மட்டும் சொல்லாம, நிறுத்தி வச்சு ஒழுகுதா ஓடறப்ப ஒழுகுதா, எந்த எடத்துல பேப்பர் மொதல்ல நனைஞ்சுதுன்னு சொல்லுங்க, தேவையில்லாம முழு பம்ப்பையும் ஓவர்ஹால் பண்ணி பில்லு போடறதுக்கு எடம் குடுக்காதீங்க.